லேசான ஹெல்மெட் வேண்டுமா? கையில் தூக்கிப் பார்க்காதீர்கள்

புதிதாக ஹெல்மெட் வாங்க வருபவர் கடையில் முதலில் செய்யும் வேலை ஒன்று உண்டு. இரண்டு ஹெல்மெட்டை இரண்டு கையில் தூக்கிப் பார்த்து, கனம் குறைந்ததை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நிற்பார். பெரும்பாலான தவறுகள் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

கையில் எடை பார்ப்பது

ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் பெரும்பாலும் 1,200 முதல் 1,600 கிராம் வரை இருக்கும். நம் தலையின் எடையே நாலரை, ஐந்து கிலோ. 1,250 கிராம் ஹெல்மெட்டுக்கும் 1,450 கிராம் ஹெல்மெட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டம்ளர் தண்ணீர். கையில் அது நன்றாகத் தெரியும். தலையில் இறுக்கமாக உட்கார்ந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் மறந்தே போகும்.

கேட்க வேண்டியது, எடை எங்கே குறைந்தது என்பதை. மேலோடு ஃபைபர் கிளாஸ் அல்லது கார்பன் ஃபைபர் என்பதால் குறைந்திருந்தால் நல்லது. அதற்கேற்ற விலையும் இருக்கும். சாதாரண பிளாஸ்டிக் மேலோடு, விலையும் குறைவு, எடையும் மிகக் குறைவு என்றால் உள்ளே தெர்மாகோல் இருக்கிறதா என்று பாருங்கள். துணி லைனிங்கைக் கொஞ்சம் விலக்கி விரல் நகத்தால் அழுத்துங்கள். தெர்மாகோல் என்றால் கெட்டியாக இருக்கும், நகம் பதிந்த தடம் அப்படியே நிற்கும். அமுங்கி உடனே எழும்பினால் அது வெறும் ஸ்பாஞ்ச்.

இந்த வேறுபாட்டில்தான் உயிர் இருக்கிறது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை, மணிக்கு ஏறத்தாழ 20 கி.மீ. வேகத்தில் தரையைத் தொடுகிறது. 3 செ.மீ. தெர்மாகோல் நசுங்கி நசுங்கி அந்த வேகத்தைக் குறைக்கும். அதே வேகம் அரை செ.மீ. ஸ்பாஞ்சுக்குள் நிற்க வேண்டுமென்றால் தலை ஏறத்தாழ ஆறு மடங்கு விசையைத் தாங்க வேண்டும்.

ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் நல்ல ஹெல்மெட்டுக்கு நாலாயிரம், ஐயாயிரம் கொடுத்தவர்களும் இதைச் செய்கிறார்கள்.

காட்சி எப்போதும் ஒன்றுதான். ஹெல்மெட்டை மாட்டியதும் கன்னம் அழுந்தும். “அண்ணே, டைட்டா இருக்கு, அடுத்த சைஸ் கொடுங்க.” அடுத்தது சுலபமாக நுழையும், லேசாகவும் தோன்றும். “இது ஃப்ரீயா இருக்கு, இதையே போட்டுடுங்க.” கடைக்காரரும் மறுக்க மாட்டார்.

கன்னப் பஞ்சு பதினைந்து, இருபது மணி நேரம் ஓட்டியதும் கன்னத்தின் வடிவத்துக்கு அமுங்கிவிடும். கடையில் ‘ஃப்ரீ’யாக இருந்த ஹெல்மெட் ஒரே மாதத்தில் ஆடத் தொடங்கும். பைபாஸில் 70, 80-இல் போகும்போது காற்று அதைப் பின்னோக்கித் தூக்கும், தாடை வார் தொண்டையில் அழுந்தும், தலையை நேராக வைத்திருக்கக் கழுத்துத் தசை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். வீடு வந்ததும் “ஹெல்மெட் கனம், கழுத்து வலிக்குது” என்பார்கள். வலிக்குக் காரணம் கனம் இல்லை, ஆட்டம்தான். விழுந்தாலோ, தரையைத் தொடும் முன்பே ஹெல்மெட் நெற்றியை விட்டு விலகியிருக்கும்.

முறையாக வாங்குவது இப்படி. தையல் டேப்பைப் புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே, பின்னந்தலையின் புடைப்பைச் சுற்றி எடுங்கள். ஸ்டிக்கரில் 580, 600 என்று இருப்பது இந்தச் சுற்றளவு, மில்லிமீட்டரில். 58 செ.மீ. என்றால் 580. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி உள்வடிவம் மாறும், ஆகவே போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

போட்டு, வாரைப் பூட்டி, இடமும் வலமும் ஹெல்மெட்டைத் திருப்புங்கள். கன்னத் தோலும் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கி மேலே தள்ளுங்கள். கழன்று வந்தால் வேண்டாம். பிறகு கழற்றாமல் பதினைந்து நிமிடம் இருங்கள். கன்னம் அழுந்துவது சரியான அறிகுறி. நெற்றியில் ஒரே இடத்தில் வலித்து, கழற்றியதும் சிவப்புத் தடம் தெரிந்தால் அந்த வடிவம் உங்கள் தலைக்கு ஒத்துவராது. சைஸைக் கூட்டாதீர்கள், வேறு மாடலைப் பாருங்கள்.

கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். கொண்டை போடுபவர்கள், ஓட்டும்போது கூந்தலைக் கழுத்துக்குக் கீழே பின்னிவிட்டுப் பாருங்கள். கொண்டைக்கு மேல் உட்காரும் ஹெல்மெட் எந்த சைஸிலும் பொருந்தாது.

முத்திரையை மட்டும் நம்புவது

2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை இந்தியாவில் விற்கக் கூடாது. ஆனால் சாலையோரத்தில் ஸ்டிக்கர் தனியாகவே ஒட்டப்படுகிறது. முத்திரைக்கு மேலே ஹெல்மெட்டுக்கான தர எண்ணான ஐ.எஸ். 4151 என்றும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை, முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி என்று காட்டும். ஹெல்மெட்டில் உள்ள பெயரும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள்.

காற்றோட்டத் துளை

நம் வெயிலுக்கு எடையைவிட இது முக்கியம். சில ஹெல்மெட்டில் வெளியே துளை இருக்கும், உள்ளே தெர்மாகோல் அடைத்திருக்கும். லைனிங்கைக் கழற்ற முடிந்தால் போன் டார்ச்சை வெளித்துளையில் அடித்து உள்ளே வெளிச்சம் வருகிறதா பாருங்கள்.

கறுப்பு வைசர் (முகத்துக்கு முன்னால் இறக்கும் கண்ணாடி)

இரவில் வேண்டாம்.

தாடை வார்

இரண்டு விரல் நுழையும் இறுக்கம். பூட்டாத ஹெல்மெட் தலையில் நிற்காது.

பெட்ரோல், தின்னரால் துடைப்பது

பிளாஸ்டிக் மேலோட்டை அரித்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

விபத்துக்குப் பிறகும் அதையே போடுவது

தெர்மாகோல் நசுங்கினால் திரும்ப எழும்பாது. மேலே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே நசுங்கியிருக்கலாம். தலையில் இருக்கும்போது ஒருமுறை மோதிய ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். மோதாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டி ஆடத் தொடங்கியது என்றால், தெர்மாகோல் நன்றாக இருக்கும்பட்சத்தில் கன்னப் பஞ்சை மட்டும் மாற்றலாம். பல கம்பெனிகள் அதைத் தனியாக விற்கின்றன, தடிமன் கூடியதும் கிடைக்கும்.