டர்பன் வெயிலில் ஐரிஷ் ரெட் ஏல்

ஐரிஷ் ரெட் ஏல் என்ற அயர்லாந்து பியரின் சிவப்புக்குக் காரணம் சாயமல்ல, வறுத்த பார்லி. 20 லிட்டருக்கு 4 கிலோ பேல் மால்ட் (முளைகட்டி உலர்த்திய வெளிர்நிற பார்லி), கால் கிலோ கிரிஸ்டல் மால்ட் (இனிப்பேறிய மால்ட்), 100 கிராம் வறுத்த பார்லி. கை தாராளமானால் ஸ்டவுட் என்ற கறுப்பு பியர் பக்கம் போய்விடும். மால்ட்டை 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பார்லியைக் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் போடுங்கள். கரிந்த கசப்பு ஏறாது. வடித்து, 30 கிராம் கோல்டிங்ஸ் ரக ஹாப்ஸோடு (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) ஒரு மணி நேரம் கொதிக்கட்டும். பிறகு ஆறவைத்து ஈஸ்ட் போடுங்கள்.

அயர்லாந்தின் கில்கெனியில் ஸ்மித்விக்ஸ் பியர் ஆலை 1710இலேயே தொடங்கியது. ஆனாலும் இந்த 'ரெட்' புகழ் பெரும்பாலும் 1980களில் அமெரிக்காவில் கூர்ஸ் நிறுவனம் விற்ற கில்லியன்ஸ் பியரால் வந்தது. அதன் மூலமான, அயர்லாந்தின் எனிஸ்கார்த்தி ஊர் ஆலை 1956இலேயே மூடியாயிற்று!

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில், டிசம்பர் கோடையில், பியர் புளிக்கும் வாளியை ஈரத்துண்டால் சுற்றி ஃபேன் போடுங்கள். 20 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் பாட்டிலில் அடைக்கலாம். மட்டன் பன்னி சௌவுக்கு (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) லாகர் என்ற வெளிர் பியரைவிட இதுதான் பொருத்தம். என் மச்சான் ஒத்துக்கொள்ள மாட்டான்.