அதே பேங்க்ல வேற க்ரெடிட் கார்டுக்கு மாறப் போறீங்களா, இதெல்லாம் பாத்துட்டு மாறுங்க

பேங்க் பிடிச்சிருக்கு, ஆனா கையில இருக்க கார்டுதான் இப்போ உங்க செலவுக்கு ஒத்து வரல, வருஷக் கட்டணம் வேற தண்டமா போகுதுன்னா, தயவுசெஞ்சு எடுத்தவுடனே க்ளோஸ் பண்ணாதீங்க. க்ளோஸ் பண்ணா அந்த லிமிட் மொத்தமா போயிடும், அப்புறம் மிச்சம் இருக்க கார்டுல நீங்க வழக்கம்போல செலவு பண்ணாலும் லிமிட்ல இத்தனை சதவீதம் யூஸ் பண்றீங்கங்கிற கணக்கு ஏறி க்ரெடிட் ஸ்கோர் இறங்க வாய்ப்பிருக்கு. அதுக்கு பதிலா இருக்க கார்டையே வேற கார்டா மாத்திக் குடுங்கன்னு கேளுங்க, நிறைய பேங்க்ல அதே அக்கவுண்ட் அதே லிமிட்டோட தொடரும். இதுக்கு புதுசா ஸ்கோர் செக் பண்ணுவீங்களான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்கோங்க.

ஒரே குறை, வெல்கம் போனஸ் பெரும்பாலும் புதுசா அப்ளை பண்றவங்களுக்குதான், மாத்திக்கிறவங்களுக்கு கிடைக்காது. அந்த போனஸ் நிஜமாவே பெருசா இருந்தா, தனியா அப்ளை பண்ணி புது கார்டு கைக்கு வந்தப்புறம் பழசை கட்டணமே இல்லாத கார்டா மாத்திக்கிறதுதான் என் கணக்குல சரி.

கேக்குறதுக்கு நல்ல நேரம் அடுத்த வருஷக் கட்டணம் பில்லுல விழுறதுக்கு முன்னாடி. கஸ்டமர் கேர்ல பேசும்போது "க்ளோஸ் பண்ண வேண்டாம், இந்த கார்டை அந்த கார்டா மாத்தணும்"னு ரெண்டு கார்டு பேரையும் தெளிவா சொல்லுங்க, இல்லன்னா ஒண்ணை க்ளோஸ் பண்ணி இன்னொண்ணுக்கு புது அப்ளிகேஷன் போட்டு வச்சிடலாம்.

ரிவார்டு பாயிண்ட் விஷயத்துலதான் ரொம்ப கவனமா இருக்கணும். பழைய கார்டும் புது கார்டும் வேற வேற பாயிண்ட் திட்டமா இருந்தா சேத்து வச்சது காலாவதி ஆகலாம், இல்ல மதிப்பு குறைஞ்சு மாறலாம். "அதெல்லாம் தானா வந்துடும்"னு போன்ல சொன்னா அதை நம்பி இருக்காதீங்க, மெயில்லயோ சாட்லயோ எழுத்துல வாங்குங்க, முடிஞ்சா மாத்துறதுக்கு முன்னாடியே யூஸ் பண்ணிடுங்க. ஈஎம்ஐ ஓடிட்டு இருந்தா அது புது கார்டுக்கு வருமா, மொத்தமா கட்டச் சொல்வாங்களான்னும் அப்பவே கேளுங்க.

அடுத்தது கார்டு நம்பர். விசா நம்பர் 4ல ஆரம்பிக்கும், மாஸ்டர்கார்டு 5 இல்ல 2ல ஆரம்பிக்கும், அதனால நெட்வொர்க் மாறினா நம்பர் கண்டிப்பா மாறும். நம்பர் அதேதான் வந்தாலும் எக்ஸ்பைரியும் சிவிவியும் பொதுவா மாறிடும். அதனால பழைய கார்டுல இருந்து தானா போற பேமெண்ட்டுக்கெல்லாம் புது கார்டு விவரத்தை மாத்திக் குடுக்கணும். எதெல்லாம்னு ஸ்டேட்மென்ட்ட கடைசி 12 மாசத்துக்கும் எடுத்துப் பாருங்க, ஏன்னா மாசாமாசம் போறது ஞாபகம் இருக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் போற இன்ஷூரன்ஸ் ப்ரீமியம், டொமைன் ரினியூவல் மாதிரி ஐட்டம்தான் மறந்து போய் கடைசி நேரத்துல ஃபெயில் ஆகும். வீட்டுல யாருக்காவது ஆட்-ஆன் கார்டு குடுத்திருந்தா அதுவும் செல்லாம போகலாம், அவங்ககிட்டயும் சொல்லி வைங்க. ரீஃபண்ட் ஏதாவது வர வேண்டி இருந்தா வந்து சேர்ற வரைக்கும் பொறுத்து மாறுறது நல்லது.

புது கார்டு வந்து ஆக்டிவேட் பண்ணி ஒரு சின்ன பேமெண்ட் போட்டு பாக்குற வரைக்கும் பழசை வெட்டிப் போடாதீங்க. அப்புறம் பில் கட்டுறதுக்கு சேவிங்ஸ் அக்கவுண்ட்ல ஆட்டோ டெபிட் போட்டிருந்தா அது புது கார்டுக்கு தானா வந்துடும்னு நினைக்காதீங்க, முதல் பில்ல கடைசி தேதிக்கு முன்னாடி நீங்களே கையால கட்டிட்டு அடுத்த மாசத்துல இருந்து ஆட்டோ டெபிட்ட விடுங்க, லேட் ஃபீ வட்டி ரெண்டுலயும் மாட்ட மாட்டீங்க.