வடகடல் கப்பல் பயணம்: சேலத்திலிருந்து புறப்படுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நார்வேக் கடற்கரையை ஒட்டி ஏழு இரவுகள் பயணம் செய்த கப்பலில், கடைசி நாள் விடியற்காலையில் எங்கள் அறைக் கதவின் அடியில் இரண்டு பக்கக் கணக்குத் தாள் ஒன்று செருகப்பட்டிருந்தது. என் மனைவி அதை எடுத்து விளக்கருகே பிடித்துக்கொண்டு வரிவரியாக வாசித்தார்: தண்ணீர் பாட்டில், நுரை பொங்கிய காபி, ஏணிப்படியருகே எடுத்த புகைப்படம், இருவருக்கும் நாள்தோறும் தனித்தனியாக டிப்ஸ், இணைய வசதி. அந்த ஏழு நாட்களில் நாங்கள் யாருக்கும் ஒரு நாணயத்தைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. அறைச் சாவியாகவும் பயன்படுகிற அட்டையை நீட்டினோம், கேட்ட இடத்தில் கையொப்பம் இட்டோம். சின்னக் கடைவீதியில் பத்து ரூபாய்க்கும் பேரம் பேசிப் பழகிய கைகள், காசு கண்ணில் படாத இடத்தில் எவ்வளவு எளிதாகத் திறந்துகொள்கின்றன என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அஸ்தம்பட்டியிலும் சுவர்ணபுரியிலும் உள்ள உறவினர்களும் நண்பர்களும், பிள்ளைகள் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டுடன் இப்படியொரு பயணத்திற்கு ஆயத்தமாகி என்னிடம் கேட்கும்போது நான் சொல்வதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதல் தவறு, டிக்கெட் விலையையே பயணச் செலவு என்று எண்ணுவது. அந்த விலையில் அறை, பொது உணவகங்களின் சாப்பாடு, அரங்க நிகழ்ச்சிகள், நீச்சல் குளம் ஆகியவை பெரும்பாலும் அடங்கிவிடும். டிப்ஸ், மது, குளிர்பானம், பாட்டில் தண்ணீர், தனிக்கட்டண உணவகங்கள், இணையம், சலவை, மருத்துவர், கரைச் சுற்றுலா ஆகியவை பெரும்பாலான நிறுவனங்களில் அடங்குவதில்லை. டிப்ஸ் என்றால் மனமுவந்து கொடுப்பது என்று நாம் பொருள்கொள்கிறோம்; அமெரிக்கப் பாணியில் இயங்கும் பெரிய கப்பல்களிலோ அது ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறிவிடும். இருவருக்கு ஏழு இரவுகள் என்றால் 224 முதல் 280 டாலர் ஆகிறது. இதை நீக்கச் சொல்லலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பல கப்பல்களில் சேவை மேசையில் கேட்டால் குறைப்பார்கள். ஆனால் நம் அறையை நாள்தோறும் சீர்செய்கிற பணியாளரின் வருமானத்தில் ஒரு பங்கு அதுதான் என்பதால், அதை நீக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. முதலிலேயே பயணச் செலவில் சேர்த்துவிடுவதே முறை.

தண்ணீருக்குப் பணம் கொடுப்பது முற்றிலும் தேவையற்ற செலவு. கப்பலின் குழாய் நீர் குடிக்கத் தகுந்தது. பெரும்பாலும் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து, சோதித்த பிறகே அறைகளுக்கு அனுப்புகிறார்கள். வீட்டிலிருக்கும் எவர்சில்வர் பாட்டில் ஒன்றைக் கொண்டுசென்று பஃபே கூடத்தில் நிரப்பிக்கொண்டால் வாரம் முழுவதும் போதும். அறை மேசைமேல் அழகாக அடுக்கி வைத்திருக்கும் பாட்டில்கள் விருந்தோம்பலுக்காக வைத்தவை என்று நினைத்து நாங்கள் இரண்டைத் திறந்துவிட்டோம். கணக்குத் தாளின் முதல் இரண்டு வரிகள் அவைதாம். காபியும் அப்படியே. பஃபே கூடத்துக் காபியும் தேநீரும் விலையில் அடங்கியவை. தனிக் கடையில் இயந்திரத்தில் போட்டுத் தருவது அடங்காது. ஏற்காட்டுத் தோட்டங்களின் காபிக்குப் பழகிய நாக்குக்குப் பஃபே காபி நீர்த்துப்போனதாகத் தோன்றும் என்பது உண்மைதான். அதற்காக நாளுக்கு மூன்று முறை கடைக்குச் செல்வதைவிட, ஒரு சிறு பொட்டலம் உடனடிக் காபித் தூளைப் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது; வெந்நீர் பஃபே கூடத்தில் எந்நேரமும் கிடைக்கும்.

மதுவோ குளிர்பானமோ அளவின்றி அருந்தலாம் என்ற தொகுப்பை வாங்குவதற்கு முன் ஒரு விதியைக் கேட்டறிய வேண்டும். பல நிறுவனங்களில், ஓர் அறையில் தங்கும் பெரியவர்களில் ஒருவர் மதுத் தொகுப்பை வாங்கினால் மற்றவரும் வாங்கியே ஆக வேண்டும். மனைவி தொடாத மதுவுக்கு மனைவியின் பெயரிலும் பணம் கட்டிய கதையை நான் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் கேட்டிருக்கிறேன். விளம்பரத்தில் காட்டும் விலையின்மேல் 18 முதல் 20 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்வதும் வழக்கம்.

பணம் செலுத்தும் வழியில் நம்மவர்கள் செய்யும் தவறு வேறு வகையானது. கப்பலில் ஏறியவுடன் கணக்குத் தொடங்க அட்டை ஒன்றைப் பதியச் சொல்வார்கள். அங்கே டெபிட் கார்டைப் பதிந்தால், செலவுக்கு முன்கூட்டியே ஒரு தொகையை வங்கிக் கணக்கில் முடக்கி வைப்பார்கள். பயணம் முடிந்தும் அது விடுபடச் சில நாட்கள் ஆகலாம், அதுவரை அந்தப் பணம் இருந்தும் இல்லாததுபோல்தான். கிரெடிட் கார்டே ஏற்றது. ரிசர்வ் வங்கியின் 2020 ஆண்டு விதிப்படி, நம் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமேதான் வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். இதைச் சேலத்திலேயே செய்யாமல் போனால் கப்பல் ஏறும் வரிசையில் நின்றுகொண்டு மகனுக்குத் தொலைபேசியில் அழைக்க நேரும். பல அட்டைகள் அயல்நாட்டுச் செலவின்மேல் 3.5 விழுக்காடு வரை வசூலித்து, அந்த வசூலின்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்க்கும். கரையில் கடைக்காரர் கருவியைக் காட்டி ரூபாயில் எடுக்கட்டுமா, குரோனில் எடுக்கட்டுமா என்று கேட்டால், உள்ளூர்ப் பணமான குரோனையே சொல்லுங்கள். ரூபாயில் தெரியும் தொகை மனத்துக்கு இதமாக இருக்கும். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நட்டம் தருவது. நார்வேயில் பொதுக் கழிப்பறை முதல் பேருந்து வரை அட்டையே செல்லும் என்பதால், கட்டுக்கட்டாக நோட்டு மாற்றிச் செல்லத் தேவையில்லை.

இனித் தொலைபேசி. எல்லாவற்றிலும் அதிகம் சுடும் செலவு இதுதான். நார்வேக்கு ரோமிங் திட்டம் போட்டிருக்கிறோம் என்று துணிவாக இருப்பார்கள். அந்தத் திட்டம் நார்வேயின் தரை கோபுரங்களுக்கு உரியது. கப்பல் கரையை விட்டு விலகியதும், கைப்பேசி கப்பலுக்குள் இருக்கும் செயற்கைக்கோள்வழி வலையமைப்பைத் தானாகவே பிடித்துக்கொள்ளும்; அது நிலத்து நாடு எதிலும் சேராதது, அதன் கட்டணமும் வேறு. நாம் உறங்கிக்கொண்டிருக்க, வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படங்கள் ஒவ்வொன்றும் காசைத் தின்றுகொண்டிருக்கும். கயிறு அவிழ்க்கும் நேரத்திலேயே கைப்பேசியை ஏரோப்பிளேன் மோடில் வைத்துவிட்டு, தேவைப்பட்டால் கப்பலின் வைஃபையை மட்டும் இணைத்துக்கொள்ளுங்கள். அந்த வைஃபையும் பல கப்பல்களில் நாளுக்கு 15 முதல் 30 டாலர் வரை ஆகும். ஒருவர் கணக்கை இருவர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் போதுமானது. துறைமுக ஊர்களின் நூலகங்களிலும் காபிக் கடைகளிலும் இலவச இணைப்பு கிடைப்பதுண்டு.

கரைச் சுற்றுலா விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நேர்கிறது. சிலர் எல்லாத் துறைமுகத்திலும் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவையே வாங்குகிறார்கள். சிலர் எதையும் வாங்குவதில்லை. பெர்கனில் கப்பல் மேசையில் பணம் கட்டத் தேவையில்லை. 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பிரிக்கன் மர வீடுகளுக்கு நடந்தே செல்லலாம். 1918 முதல் ஓடும் ஃபுளோய்பானன் மலை ரயில் அங்கிருந்து சில நிமிட நடை, கடல் மட்டத்திலிருந்து 320 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடும். 1904 தீவிபத்துக்குப் பின் புதிதாகக் கட்டிய ஓலசுண்டில், 418 படிகள் ஏறினால் ஊர் முழுவதும் காலடியில் தெரியும். அதற்குக் கட்டணம் கிடையாது, முழங்கால் மட்டும் ஒத்துழைக்க வேண்டும். மலைகளுக்கிடையே கடல் புகுந்து நீளும் கெய்ராங்கர் ஃபியோர்டின் ஏழு சகோதரிகள் அருவியைக் காணக் கப்பலின் மேல்தளமே சிறந்த இடம். ஏற்காட்டின் கிளியூர் அருவியைப் பார்க்கச் செங்குத்தாக இறங்கி ஏறி மூச்சு வாங்கிய எனக்கு, கையில் தேநீருடன் நின்ற இடத்திலேயே அருவிகள் எதிரே வந்து கடந்துபோனது இன்றும் மனத்தில் நிற்கிறது. அன்று காலையில் அறையில் உறங்கிவிட்டுப் பிறகு பேருந்துச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மாறாக, ஹோனிங்ஸ்வோக் துறைமுகத்திலிருந்து நார்ட்காப் என்ற வடக்குக் கடல்முனை ஏறத்தாழ 34 கிலோமீட்டர். இத்தகைய தொலைவுக்கு நான் கப்பல் நிறுவனத்தின் பேருந்தையே பரிந்துரைப்பேன். அவர்களுடைய பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நாமாகச் சென்று தாமதமானால் காத்திருக்காது. கடைசியாக ஏற வேண்டிய நேரம் கப்பல் கடிகாரப்படி குறிக்கப்படுகிறது. கைப்பேசி காட்டும் உள்ளூர் நேரம் சில சமயம் அதிலிருந்து ஒரு மணி வேறுபடும். கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்து, பயணம் முடியும்வரை தொடாமல் இருங்கள்.

துணிமணி குறித்து ஒரே ஒரு செய்தி. ஏற்காட்டுக்கு எடுத்துச் செல்லும் கம்பளிச் சட்டை தனியாகப் போதாது. ஜூலையிலும் மேல்தளத்தில் காற்று கம்பளியின் கண்கள் வழியே உடம்பைத் தொடும். பெர்கனில் ஆண்டுக்கு 200 நாட்களுக்கும் மேல் மழை பெய்கிறது. கம்பளியின்மேல் போட்டுக்கொள்ள, காற்றும் மழையும் புகாத மெல்லிய மேலங்கி ஒன்று வேண்டும். கப்பலின் கடையில் அதையே வாங்கினால் விலை பலமடங்கு.

உறக்கத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நார்ட்காப்பில் மே நடுவிலிருந்து ஜூலை இறுதி வரை சூரியன் மறைவதில்லை. பால்கனி உள்ள அறைக்குக் கூடுதல் பணம் கொடுத்தவர்கள் திரைச்சீலை இடுக்கில் வரும் வெளிச்சத்தோடு போராட, சன்னலில்லாத உள்ளறையில் இருந்த நாங்கள் நன்றாக உறங்கினோம். உள்ளறை மலிவு என்பதோடு, நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் அமைந்தால் கப்பலின் ஆட்டமும் குறைவாக உணரப்படும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வெளிச்சத்தைப் பார்த்து உட்கொள்ளாமல், மருத்துவரிடம் முன்பே கேட்டு, கடிகாரப்படி உட்கொள்ள வேண்டும். அந்த மாத்திரைகள் கைப்பையிலேயே இருக்கட்டும். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டி அறைக்கு வந்துசேரச் சில நாட்களில் இரவாகிவிடுகிறது.

சாப்பாட்டில், சைவம் என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் தெரிவித்து, முதல் இரவில் உணவகத் தலைமைப் பணியாளரிடம் நேரிலும் சொல்லுங்கள். காய்கறி சூப்பாகத் தோன்றுவது இறைச்சிச் சாற்றில் கொதித்ததாக இருக்கக்கூடும். கேட்டுக்கொண்டால் மறுநாளுக்கு இந்தியச் சைவ உணவைத் தனியே சமைத்துத் தருகிற கப்பல்கள் பல உண்டு. மின்சார அரிசிக் குக்கர், இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில் ஆகியவற்றைத் தீ அபாயம் கருதிப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் திருப்பித் தருவார்கள். பருப்புப்பொடி, ஊறுகாய்ப் பொட்டலங்களைக் கடையில் முத்திரையிட்டபடியே கொண்டுபோகலாம். நெய்யும் பால் இனிப்புகளும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருக்கிறது. என் அத்தை ஆசையாகக் கிளறிக் கொடுத்த பால்கோவா டப்பா ஒன்றை, விமானம் மாறும் ஊரின் சுங்க மேசையில் விட்டுவிட்டு வர நேர்ந்தது.

விசாவில் தவறினால் மற்றதெல்லாம் வீணாகும் என்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்ல வழிசெய்யும் ஷெங்கன் கூட்டமைப்பில் இருக்கிறது. கப்பல் சவுத்ஹாம்ப்டனிலிருந்து புறப்பட்டால் பிரிட்டன் விசாவும் தனியே வேண்டும். வழியில் ஷெங்கனுக்கு வெளியே நின்று மீண்டும் உள்ளே வருகிற பயணத்துக்கு ஒருமுறை நுழைவு விசா பயன்படாது. சுவால்பார்டு நார்வேக்குச் சொந்தமானதாயினும் ஷெங்கனில் சேராது. பரோயே தீவுகளும் கிரீன்லாந்தும் டென்மார்க்கைச் சேர்ந்தவையாயினும் அவையும் சேரா. பயணத் திட்டத்தில் இவற்றின் பெயர் இருந்தால் பலமுறை நுழைவு விசா கேட்டு விண்ணப்பியுங்கள். பரோயே, கிரீன்லாந்துக்கு விசா செல்லும் என்பது விசாவிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். விசாவுக்கான காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அந்தக் காப்பீடு கப்பல் பயணத்தையும், நடுக்கடலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் ஏற்கிறதா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கப்பலின் மருத்துவர் இலவசமல்லர்; நாம் கட்டிவிட்டு, இரசீதைக் கொண்டு ஊருக்கு வந்து கோர வேண்டும்.

கணக்கைக் கடைசி நாள் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். அறைத் தொலைக்காட்சியிலோ கப்பலின் செயலியிலோ அதை ஒவ்வோர் இரவும் பார்க்க முடியும். எங்கள் தாளில் நாங்கள் வாங்காத புகைப்படம் ஒன்று இருந்தது. இறங்கும் நாள் காலையில் சேவை மேசை முன் நின்ற வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்ததால், அதை நீக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். இறங்குவதற்கு இரண்டு இரவுகள் முன்பு சென்றிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அந்த வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற முதியவர் ஒருவர், முந்தைய இரவு வாசலில் வைக்கச் சொன்ன பெட்டியில் காலணி, மேலங்கி, மூக்குக்கண்ணாடி அனைத்தையும் போட்டு அனுப்பிவிட்டு, கப்பல் கொடுத்த வெள்ளைத் துணிச் செருப்போடு, கணக்குத் தாளைத் தூரத்தில் பிடித்துப் படிக்க முயன்றுகொண்டிருந்தார். என் மனைவிதான் அவருக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினார்.