கையெழுத்துப் போட ஆளில்லாத பணம்: போருக்கு நடுவே சமாதானத் திட்டம் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு பயிற்சிப் பட்டறையில் பதினான்கு இளைஞர்களின் திட்ட வரைவுகளைத் திருத்திக் கொடுத்தேன். சூடானில் போர் நடந்துகொண்டிருக்கும்போதே வெளிநாடுகள் ஒன்றுசேர்ந்து என்ன செய்யலாம், போர் ஓய்ந்தால் எதை முதலில் தொடங்கலாம் என்று எழுதச் சொல்லியிருந்தோம். பதினொரு வரைவுகளின் முதல் பக்கத்தில் ஒரே அட்டவணைதான் இருந்தது: எந்த நாடு எவ்வளவு தரும். ஒன்பதாவது வரைவைப் படித்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 2003இல், இலங்கையின் வடக்கே விடுதலைப் புலிகளின் கையில் இருந்த கிளிநொச்சியில் இருந்து நான் எழுதிய அறிக்கையும் இப்படித்தான் தொடங்கியது.

இரண்டு தரப்பையும் கேளுங்கள், நல்ல மொழிபெயர்ப்பாளரை வையுங்கள், குழுவில் பெண்களையும் சேருங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களும் செய்கிற தவறுகள் சில இருக்கின்றன. அதில் ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

பணத்தை அறிவித்துவிட்டு, யார் செலவழிப்பது என்று பிறகு யோசிப்பது

2002 பெப்ரவரியில் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்டு இறுதியில் தாய்லாந்தில் நடந்த இரண்டாவது சுற்றுப் பேச்சில், வடக்கு கிழக்கின் உடனடித் தேவைகளைப் பார்க்க ஒரு கூட்டு உபகுழுவை அமைக்க ஒத்துக்கொண்டார்கள். அதன் ஆங்கிலச் சுருக்கத்தை (SIHRN) வைத்து நாங்கள் எல்லாரும் ‘சிரான்’ என்றுதான் சொல்வோம். நான் அப்போது ஒரு உதவி நிறுவனத்துக்காக வன்னிக் கிராமங்களில் தேவைக் கணக்கெடுப்புச் செய்துகொண்டிருந்தேன். எத்தனை கிணறு இறைக்க வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை, எத்தனை வீட்டில் மலசலகூடம் இல்லை என்று படிவம் படிவமாக நிரப்பினோம்.

சிக்கல் முதல் நாளே கண்ணுக்கு முன்னால் இருந்தது. சிரானுக்குச் சட்டத்தில் ஓர் இடம் இல்லை. தன் பெயரில் அரசின் பணத்தை வாங்கிச் செலவழிக்க அதனால் முடியாது. அரசின் பணம் என்றால் கச்சேரி என்ற மாவட்ட அலுவலகம் வழியாக, மாவட்டத்தின் தலைமை அதிகாரியான அரச அதிபரின் கையெழுத்தோடு, கொழும்பின் சுற்றறிக்கைப்படி போக வேண்டும். ஆனால் அந்த மண்ணில் நிர்வாகம் செய்தவர்கள் புலிகள். காசோலையில் யார் கையெழுத்துப் போடுவது என்ற பேச்சை எடுத்தாலே, இங்கே யார் ஆள்வது என்ற சண்டையாக அது மாறிவிடும். வடக்கு கிழக்குப் புனரமைப்புக்கென ஒரு நிதியம், அதன் பணத்துக்கு உலக வங்கி பாதுகாவலர் என்று காகிதத்தில் முடிவானது. நிதியம் இயங்கத் தொடங்கவே இல்லை.

இதற்கு நடுவில்தான் 2003 ஜூன் 9, 10 திகதிகளில் இலங்கைக்கு உதவி திரட்டும் டோக்கியோ மாநாடு நடந்தது. 51 நாடுகள், 22 சர்வதேச அமைப்புகள் கலந்துகொண்டு, நான்கு ஆண்டுகளுக்கு 450 கோடி டொலர் தருவதாக அறிவித்தார்கள். புலிகள் அங்கே போகவில்லை. இரவு பிபிசி தமிழோசை வானொலியில் செய்தியைக் கேட்டேன். எனக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த வாரம் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய், மரத்தடியில் கூடியிருந்த நாற்பது ஐம்பது பேரிடம், “பணம் கிடைத்துவிட்டது, மாரிக்கு முன்னர் பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்துவிடும்” என்று சொன்னேன். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

மாரி வந்தது, கூரை வரவில்லை. அக்டோபர் 31ஆம் திகதி புலிகள், வடக்கு கிழக்கை நிர்வகிக்க இடைக்கால தன்னாட்சி அதிகார சபை ஒன்றுக்கான யோசனையைக் கையளித்தார்கள். நவம்பர் 4ஆம் திகதி ஜனாதிபதி மூன்று அமைச்சுக்களைத் தன் கையில் எடுத்தார். இருவரும் வேறு வேறு கட்சி; பிரதமர் ஒரு பக்கம், ஜனாதிபதி இன்னொரு பக்கம். பேச்சு அப்படியே நின்றது. அடுத்த ஆண்டு இன்னொரு நிறுவனத்தின் படிவத்தோடு அதே கிராமத்துக்குப் போனேன். முன்பு எனக்குத் தேத்தண்ணி தந்த ஆச்சி வாசலிலேயே நின்று கேட்டார்: “பிள்ளை, போன முறையும் கிணறு எத்தினை எண்டுதானே கேட்டனீங்கள்? எழுதிக்கொண்டு போனதுக்கு என்ன நடந்தது?” பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அன்றைக்குப் படிவத்தின் ஒரு கேள்விக்கும் பதில் தரவில்லை. தராதது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

பணம் கண்ணில் தெரிந்தால் இரண்டு தரப்பும் சமாதானத்தை விடமாட்டார்கள் என்று கொடையாளர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன். டோக்கியோ பிரகடனமே உதவியையும் பேச்சின் முன்னேற்றத்தையும் சேர்த்துக் கட்டியது. ஆனால் ஒரு தரப்பு அந்த மண்டபத்திலேயே இல்லை. இல்லாதவர் மேல் நிபந்தனை எப்படி வேலை செய்யும்?

ஒரு தடவை நடந்திருந்தால் அனுபவக் குறைவு என்று விட்டுவிடலாம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தது. முல்லைத்தீவுக் கரை அழிந்துபோனது. உலகம் முழுவதிலும் இருந்து பணம் வந்தது. மறுபடியும் அதே கேள்வி: புலிகளின் பகுதிக்கு அதை யார் வாங்கி, யார் கொடுப்பது? அரசும் புலிகளும் சேர்ந்து சுனாமி உதவியைக் கையாளப் பொதுக்கட்டமைப்பு என்று ஒரு ஏற்பாட்டைப் பேசிப் பேசி, 2005 ஜூன் 24ஆம் திகதிதான் கையெழுத்தானது. சுனாமி வந்து ஆறு மாதம் ஆக இரண்டு நாள்தான் குறைவு. அரசில் கூட்டணிக் கட்சியாக இருந்த ஜே.வி.பி. அதை எதிர்த்து ஒரு வாரத்துக்கு முன்பே வெளியேறியிருந்தது. ஜூலை 15ஆம் திகதி, அந்த ஏற்பாட்டின் பிராந்தியக் குழு கிளிநொச்சியில் இருப்பதையும் அதன் பிராந்திய நிதியத்தையும் நாட்டின் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டு நிறுத்தியது. அதற்குப் பிறகு அந்தக் கட்டமைப்புக்கு உயிர் வரவில்லை. கூடாரத்துக்குள் இருந்த குடும்பங்கள் கூடாரத்திலேயே இருந்தன.

ஆகவே என் மாணவர்களிடம் இப்போது அடித்துச் சொல்வது இது. எந்த நாட்டிடமும் தொகை கேட்பதற்கு முன்னால் ஒரு பக்கம் எழுதுங்கள். களத்தில் இருந்து பணத்தைக் கேட்பவர் யார், சரி சொல்பவர் யார், வங்கிக் கணக்கு யாருடைய பெயரில், எந்தச் சட்டத்தின் கீழ், ஒருவர் எழுந்து போனால் அல்லது நீதிமன்றம் தடுத்தால் அடுத்த வழி என்ன. இந்தப் பக்கத்தில் வெற்றிடம் இருக்கும்வரை தொகை அட்டவணையைத் தொடாதீர்கள்.

முடியாத காரியத்தைச் சொல்கிறேன் என்று ஒரு தம்பி சொன்னார். இரண்டாம் உலகப் போரின் நடுவில் செய்திருக்கிறார்கள். 1943 நவம்பர் 9ஆம் திகதி வாஷிங்டனில் 44 நாடுகள் சேர்ந்து நிவாரணத்துக்கும் மறுவாழ்வுக்கும் ஒரு நிர்வாகத்தை அமைத்தன. எல்லா நாடுகளும் உட்காரும் அவை, நான்கு பெரிய நாடுகளின் மையக் குழு, அன்றாடம் முடிவெடுக்க ஒரு தலைமை இயக்குநர் என்று யாருக்கு என்ன அதிகாரம் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. பணத்துக்கான சூத்திரம் அதற்கு அப்புறம்தான் வந்தது: எதிரியின் பிடியில் விழாத ஒவ்வொரு நாடும் தன் தேசிய வருமானத்தில் ஒரு சதவீதம். அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது, எல்லாரும் ஒரே அணி. எங்களுக்கு அது இல்லை. அதனால்தான் அந்த ஒரு பக்கம் இன்னும் அவசியம்.

சூடானைப் பாருங்கள். 2024 ஏப்ரல் 15ஆம் திகதி பாரிஸ் மாநாட்டில் 200 கோடி யூரோவுக்கு மேல் அறிவித்தார்கள். சாட் நாட்டில் இருந்து டார்ஃபூருக்குள் உணவு லாரிகள் போக வேண்டிய அத்ரே எல்லைக் கடவை அன்றைக்கு மூடியிருந்தது. மூடியது அப்போது போர்ட் சூடானில் இருந்த, ராணுவத்தின் அரசு. அந்த அரசுக்குப் பாரிஸில் அழைப்பு இல்லை. கடவை ஆகஸ்ட் நடுவில்தான் திறந்தது. அழைக்காதது சரியா பிழையா என்று நான் வாதிட வரவில்லை. லாரியை மறிக்கும் கை யாருடையது என்பதை முதல் பக்கத்தில் எழுதாமல், தொகையை எழுதியதுதான் என் கோபம்.

கூட்டம் நடக்கும் ஊரைச் சாதாரணமாக நினைப்பது

டோக்கியோவுக்குப் புலிகள் ஏன் போகவில்லை என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று, 2003 ஏப்ரல் 14ஆம் திகதி நடந்த தயாரிப்புக் கூட்டம். அது வாஷிங்டனில் வைக்கப்பட்டது. அமெரிக்கா 1997இலேயே புலிகளைத் தடை செய்துவிட்டதால் அவர்கள் அங்கே கால் வைக்க முடியாது. ஒரு வாரத்தில், ஏப்ரல் 21ஆம் திகதி, பேச்சில் இருந்து தற்காலிகமாக விலகுவதாகக் கடிதம் வந்தது. வாஷிங்டன் விஷயமும் அதில் இருந்தது. ஒப்பந்தங்களை நடைமுறைப்படுத்தவில்லை என்ற மனக்குறை அதைவிடப் பெரிது என்பது உண்மை. ஆனாலும் விலக நினைப்பவருக்கு நாமே ஒரு காரணத்தைக் கையில் கொடுக்கக் கூடாது. விசா, தடைப் பட்டியல், விமானம் மாறும் ஊர், இந்த மூன்றையும் திகதி குறிப்பதற்கு முன் பாருங்கள்.

ஒரு சொல்லால் ஆட்களை வெளியே தள்ளுவது

மேலே புகழ்ந்த அதே 1943 ஏற்பாட்டில்தான் எனக்குத் தெரிந்த மிகக் கொடுமையான எடுத்துக்காட்டும் இருக்கிறது. எதிரியிடம் இருந்து விடுவிக்கப்பட்ட பகுதிகளுக்கு உதவுவது என்பதாக அதன் வேலையை வரையறுத்தார்கள். ஐரோப்பாவை மனதில் வைத்து எழுதிய சொல் அது. கையெழுத்தான அந்த நவம்பரில் வங்காளத்தில் பஞ்சத்தால் மக்கள் தெருவில் செத்துக்கொண்டிருந்தார்கள். 15 லட்சம் பேர் என்றது அரசு அமைத்த விசாரணைக் குழு. 30 லட்சம் வரை என்கிறார்கள் பின்னால் ஆராய்ந்தவர்கள். இந்தியா அந்த 44 நாடுகளில் ஒன்று. இந்தியாவிடமும் பங்குப் பணம் கேட்டார்கள். ஆனால் வங்காளத்தை ஜப்பான் பிடிக்கவில்லையே, பிடிக்காத இடத்தை எப்படி விடுவிக்க முடியும்? சொல்லின்படி வங்காளம் வெளியே. போர் நடவடிக்கைகளுக்கு முக்கியமான, பஞ்சம் வந்த பகுதிகளையும் சேர்க்கலாம் என்று அமெரிக்கக் காங்கிரஸ் 1944இல் ஒரு பரிந்துரை வரியைச் சேர்த்தது. அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் செத்துவிட்டார்கள்.

எங்கள் படிவத்திலும் அப்படி ஒரு சொல் இருந்தது: ‘நலன்புரி நிலையத்தில் இருந்து மீளத் திரும்பிய குடும்பம்’. நலன்புரி நிலையம் என்றால் அகதி முகாம். முகாமுக்கே போகாமல் எட்டு வருடம் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த குடும்பத்துக்கு அந்தச் சொல்லில் இடமில்லை. கிராம அலுவலரான விதானையார் ஒருவர் சுட்டிக்காட்டித்தான் கவனித்தோம். அதற்குள் மூன்று பிரதேசச் செயலகப் பிரிவுகளின் பட்டியல் மேலிடத்துக்குப் போயிருந்தது. பயனாளி யார் என்ற வரியை எழுதியதும், அந்த வரிக்குள் வராமல் துன்பப்படுகிற பத்துப் பேரைத் தேடிப் பாருங்கள். தேடினால் ஒரே நாளில் கிடைப்பார்கள்.

இரண்டே நாற்காலி போடுவது

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் என்பதால் மக்களும் இரண்டு வகைதான் என்று திட்டத்தில் எழுதிவிடுகிறோம். சுனாமியில் இலங்கையிலேயே அதிகம் பேரை இழந்த மாவட்டம் அம்பாறை. அங்கே கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது எல்லாம் முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஊர்கள். பொதுக்கட்டமைப்பின் பிராந்தியக் குழுவில் அவர்களுக்கு மூன்று இடம் ஒதுக்கினார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட அவர்களை அழைக்கவில்லை. கல்முனையில் ஒரு மீன் வியாபாரி என்னிடம் கேட்டார்: “எங்கட மௌத்துக்கு (சாவுக்கு) ரெண்டு பேர் சேர்ந்து கணக்குப் போடுறீங்களே, எங்களைக் கேட்டீங்களா?”

கண்காணிப்பாளர் எந்த நாடு என்று பார்க்காமல் விடுவது

இலங்கைப் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவில் நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து என ஐந்து நாட்டவர் இருந்தார்கள். 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததும், ஒன்றியத்து நாட்டவர் போக வேண்டும் என்று புலிகள் சொன்னார்கள். ஐந்தில் மூன்று நாடுகள் போய்விட்டன. சண்டை கூடிக்கொண்டிருந்த நேரம் அது.

‘போர் முடிந்து ஆறு மாதத்துக்குள்’

இப்படி எழுதவே எழுதாதீர்கள். போர் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது.

களத்து நோட்டுப் புத்தகங்களை எறிந்துவிடுவது

அறிக்கை அனுப்பியதும் கைநோட்டை வீசிவிடுகிறவர்கள் நிறைய. நானும் பாதியை அப்படித் தொலைத்தேன். மீதி ஒரு தகரப் பெட்டியில் கிடந்தது. 2009இல் போர் முடிந்த பிறகு அந்த ஆச்சியின் மகன் என்னைத் தேடி வந்தார். வீடு இல்லை, வேலி இல்லை, காணிப் பத்திரமான உறுதிக் காகிதமும் இடப்பெயர்வில் போய்விட்டது. 2003இல் நான் எழுதிய பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். குடும்பத் தலைவர் பெயர், கிணறு ஒன்று, தென்னை பதினேழு, கிழக்கே கோயில் காணி என்று பென்சிலில் இருந்தது. அதைப் படம் பிடித்துக்கொண்டு காணி அலுவலகத்துக்குப் போனார்.