குருவிக்கு வைத்த கம்பு புறாவுக்குப் போகிறதா?

வெயில் ஏற ஆரம்பித்தால் மொட்டை மாடியில் ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு பிடி அரிசியும் வைத்துப் படம் எடுத்துப் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து அதே ஆளிடம் கேட்டுப் பாருங்கள், "புறாவும் காக்காவும்தான் சார் வருது, குருவி எட்டிக்கூடப் பார்க்கல" என்பார். குருவி வராததற்குப் பாதிக் காரணம் வைத்த விதத்திலேயே இருக்கும்.

முதல் தவறு மீந்ததைக் கொட்டுவது. ராத்திரி மிஞ்சிய சாம்பார் சாதம், நமுத்துப்போன மிக்சர், பிஸ்கட் தூள், பிரெட் ஓரம் என்று நாம் சாப்பிடாததெல்லாம் மாடிச் சுவருக்குப் போகிறது. கைக்குள் அடங்கிவிடுகிற உடம்புக்கு அந்த உப்பும் எண்ணெயும் ரொம்ப அதிகம். பிரெட் வயிற்றை நிரப்பும், சத்து இருக்காது. பூஞ்சை பிடித்த வேர்க்கடலையோ விஷமே. சரி, அப்போ என்னதான் வைப்பது? கம்பு, தினை, நொய்யரிசி, உடைத்த சோளம், இவ்வளவு போதும். பச்சரிசி வயிற்றில் ஊதிப் பறவை செத்துவிடும் என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதை நம்ப வேண்டாம். வயலில் நெல்லைக் கொத்தித் தின்கிற பறவைக்கு அரிசி ஒன்றும் செய்யாது.

காக்கைக்குச் சோறு வைக்கிற வீடென்றால் தாராளமாக வையுங்கள், உப்பில்லாத வெறும் சோறாக ஒரு பிடி. ஆனால் அதே மாடியில் சிட்டுக்குருவிக் கூட்டையும் மாட்டாதீர்கள். காகம் மற்ற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தூக்கித் தின்னும். தினம் சோறு வைத்து அதை அங்கேயே உட்கார வைத்துவிட்டால், அடுத்து அது சும்மா இருக்கும் நேரத்தில் எதைத் தேடும் என்று சொல்லத் தேவையில்லை.

அளவு இன்னொரு சிக்கல். கிலோ கணக்கில் கொட்டினால் வருவது குருவி அல்ல, மாடப்புறா. சாயங்காலமும் தானியம் மிச்சம் கிடந்தால் ராத்திரி எலி வரும், எலிக்குப் பின்னால் சாரை வரும், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். புறா எச்சம் காய்ந்து தூளாகி மூச்சில் போனால் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை நோய் வரும், இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2025இல் மும்பையில் பொது இடத்தில் புறாவுக்குத் தீனி போடுவதைத் தடுத்து, பல காலமாகப் புறாவுக்குத் தீனி போடும் இடமாக இருந்த தாதர் கபூத்தர்கானாவையே மாநகராட்சி மூடியதற்குச் சொல்லப்பட்ட காரணம் பொதுச் சுகாதாரம்தான். அதனால் அரை மணி நேரத்தில் தீர்கிற அளவு, காலையில் ஒருமுறை, அவ்வளவே வையுங்கள்.

புறாவைத் தவிர்க்க ஆன்லைனில் விலை கூடிய கூண்டெல்லாம் விற்கிறார்கள். அதற்குமுன் நம் பழைய வழியை முயன்று பார்க்கலாம். அறுவடை முடிந்ததும் நெற்கதிரைக் குஞ்சமாகக் கட்டி வாசலில் தொங்கவிடுவார்களே, அதைவிடக் கச்சிதமான குருவித் தீனி கிடையாது. சிட்டுக்குருவியும், சில்லை என்கிற சின்னத் தானியக் குருவியும் கதிரைக் காலால் பற்றிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கியபடியே ஒவ்வொரு நெல்லாக அலகில் உருட்டி உமியைக் கீழே உதிர்த்துத் தின்னும். புறாவுக்கு நின்று தின்னத் தட்டையான இடம் வேண்டும்; ஆடுகிற கதிரில் இறக்கையை அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஊரில் தெரிந்த விவசாயி இருந்தால் அறுப்பு சமயத்தில் நாலு கட்டு கேட்டு வாங்கி வையுங்கள். மருந்தடித்த வயலா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தண்ணீரில் செய்கிற தவறு ஆழம். பக்கெட், சிமெண்ட் தொட்டி, அரை டிரம் எல்லாம் வைத்தால் விளிம்பில் நின்று குடிக்கக் குனிகிற குஞ்சுப் பறவை உள்ளே விழுந்து ஏற முடியாமல் சாகும். இரண்டு விரலைக் கிடையாக வைத்த உயரத்துக்குமேல் தண்ணீர் வேண்டாம். வாயகன்ற மண் சட்டி, நடுவில் ஒரு கல், நிழலான இடம். எவர்சில்வர் தட்டு மே மாத வெயிலில் என்ன சூடாகும் என்று கையை வைத்துப் பாருங்கள். தினம் தண்ணீரை மாற்றுவதோடு உள்பக்கத்தைத் தேய்த்தும் கழுவ வேண்டும், ஏனென்றால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைப் பாத்திரத்தின் சுவரில்தான் ஒட்டி வைக்கும், தண்ணீரை மட்டும் கொட்டினால் முட்டை போகாது. சட்டியைப் புதரை ஒட்டி வைத்தால் பூனைக்கு வசதி. ஆறேழு அடி தள்ளி வையுங்கள். பக்கத்தில் ஒரு தட்டில் காய்ந்த மண்ணும் வைத்தால் குருவி அதில் புரண்டு குளிக்கும்.

இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை செடிக்குப் பூச்சிமருந்து அடித்தால் எல்லாம் வீண். என் கணக்கில் இதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. பெரிய குருவிதான் தானியம் தின்னும், அது குஞ்சுக்கு ஊட்டுவது புழுவும் பூச்சியும். நீங்கள் எவ்வளவு கம்பு கொட்டினாலும் சுற்றுவட்டாரத்தில் புழு இல்லையென்றால் அங்கே குஞ்சு வளராது. தையல்சிட்டு, தவிட்டுக்குருவி, கரிச்சான் எல்லாம் பெரும்பாலும் பூச்சிக்காகவே வருபவை, தானியக் கிண்ணத்தை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. கத்தரி இலையில் நாலு ஓட்டை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கட்டுவது, அதில் சிவப்புச் சாயம் வேறு கலப்பது, இதுவும் தேவையில்லாத வேலை. நம் வெயிலில் அது சீக்கிரமே புளித்துவிடும், எறும்பும் மொய்க்கும். ஒரு முருங்கை பூத்தால் தேன்சிட்டு தானாக வரும். இட்லிப்பூ, செம்பருத்தி, வாழை இருந்தால் இன்னும் நல்லது. கறிவேப்பிலையைப் பழுக்க விட்டுப் பாருங்கள், அந்தக் கறுப்புப் பழத்துக்குக் குயிலும் கொண்டைக்குருவியும் வரும். பப்பாளியில் எட்டாத உச்சிப் பழத்தைக் கம்பால் தட்டிப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். குரோட்டன்ஸும் புல்தரையுமாக இருக்கிற தோட்டம் நமக்குத்தான் அழகு.

கண்ணாடியைப் பலர் யோசிப்பதே இல்லை. கூடு வைக்கிற சமயத்தில் ஆண் தேன்சிட்டு பைக் கண்ணாடியில் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து மணிக்கணக்கில் கொத்திக்கொண்டிருக்கும். ஒரு பழைய சாக்ஸை மாட்டிவிட்டால் தீர்ந்தது. பெரிய ஜன்னல்தான் ஆபத்து, அதில் தெரிகிற வானத்தை நிஜம் என்று நம்பி மோதிச் சாகும். ஒரே ஒரு பருந்து ஸ்டிக்கர் ஒட்டிப் பயனில்லை, வெளிப்பக்கம் இரண்டு அங்குல இடைவெளியில் புள்ளியோ கோடோ வேண்டும்.

குருவிக் கூடு வாங்கும்போது ஓட்டையைப் பாருங்கள். ஒன்றேகால் அங்குலம் போதும், பெரிதாக இருந்தால் மைனா பிடித்துக்கொள்ளும். ஓட்டைக்கு முன்னால் குச்சி வேண்டாம், அது குருவிக்குத் தேவையில்லை, காகம் உட்காரத்தான் உதவும். மேற்கு வெயில் படாத சுவரில், எட்டுப் பத்தடி உயரத்தில் மாட்டுங்கள். மாட்டிய பிறகு தினம் ஏணி போட்டு எட்டிப் பார்த்தால் குருவி கூட்டையே கைவிட்டுவிடலாம்.

செடியைக் கழிக்கும் முன் இலைகளைப் புரட்டிப் பாருங்கள். தையல்சிட்டு அகலமான இலையின் இரண்டு ஓரத்தையும் பஞ்சாலும் சிலந்தி நூலாலும் தைத்து உள்ளே கூடு வைத்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் சுருண்ட இலை மாதிரியேதான் தெரியும். கத்தரிக்கோல் பட்டால் போச்சு. தரையில் தத்துகிற மைனாக் குஞ்சைப் பார்த்தால் உடனே அட்டைப் பெட்டியில் போட்டுப் பால் ஊற்றாதீர்கள். இறகு முளைத்திருந்தால் அது பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்திலேயே இருக்கும். இறகே இல்லாமல் விழுந்திருந்தால் கையால் எடுத்துக் கூட்டில் வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதில் உண்மை இல்லை. கிளி பழகிவிட்டதே என்று கூண்டில் அடைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அன்பாக வளர்த்தாலும்.

ஊருக்குப் போகும்போது பறவை பட்டினி கிடக்குமே என்று யாரிடமாவது சாவி கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவ்வளவு தேவையில்லை, அவை நம் கிண்ணத்தை மட்டும் நம்பி இல்லை. தண்ணீர்ச் சட்டியை மட்டும் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள்.