சபையில் உதவி செய்யப் போகிறீர்களா? முதலில் போனைப் பையில் போடுங்கள்

புது நாட்டில் தமிழ் ஆராதனை ஒன்று கிடைத்துவிட்டால் நம்மவர்கள் அதோடு நின்றுவிடுகிறோம். ஞாயிறு சாயங்காலம் வாடகை மண்டபத்தில் கூடுவோம், பாடுவோம், பேசித் தீர்த்துவிட்டுக் கலைவோம். அந்தத் தெருக்காரர்களுக்கு நாம் யாரென்றே தெரியாது. ஞாயிறானால் கார் நிறுத்த இடம் கிடைக்காது என்பது மட்டும் தெரியும். அதனால் தமிழ்ச் சபைக்குப் போங்கள். கூடவே வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் உள்ளூர் சபையிலும் ஏதாவது ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் பஞ்சமில்லை. பல சபைகளில் ஞாயிறைவிட வாரநாட்களில்தான் கூட்டம். இல்லாதவர்களுக்குச் சாப்பாட்டுப் பொருள்களைப் பையில் போட்டுக் கொடுக்கும் உணவு வங்கி, கைக்குழந்தையோடு வருகிற தாய்மாருக்கு ஒரு காலை நேரம், தனியாக வாழும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு, அகதிகளுக்கு மொழி வகுப்பு என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். இது புதுப் பழக்கமும் இல்லை. நமக்கு வசனம் ஒப்பிக்கிற இடமாகத் தெரிந்த ஞாயிறு பள்ளியை 1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரைக்ஸ் நடத்தத் தொடங்கியது, வாரமெல்லாம் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்து கற்றுக்கொடுக்கத்தான். தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்கள் போனில் பேசுகிற சமாரிட்டன்ஸ் சேவையும் 1953-ல் லண்டனில் ஓர் ஆலயத்தில், சாட் வரா என்ற குருவானவர் தொடங்கியதுதான்.

பிள்ளைகளோடு வேலை என்றால் படிவம், உங்களைத் தெரிந்த இருவரின் பரிந்துரை, போலீஸ் பதிவுச் சோதனை, ஒரு பயிற்சி வகுப்பு எல்லாம் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் டி.பி.எஸ்., ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களில் ஒர்க்கிங் வித் சில்ட்ரன் செக், கனடாவில் வல்னரபிள் செக்டர் செக் என்று சோதனைக்குப் பெயர் மாறும். "என்னையா சந்தேகப்படுகிறார்கள்?" என்று ரோஷப்பட வேண்டாம், போதகருக்கும் இதே சோதனைதான். இதெல்லாம் தானாக நடந்துவிடும். நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில்.

வந்த முதல் கோடையில் பிள்ளைகளின் விடுமுறை முகாமில் சேர்ந்தேன். நம்ம ஊர் வி.பி.எஸ்., அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி மாதிரிதான். கடைசி நாள் எல்லாரையும் பேனருக்கு முன்னால் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தேன். ஊரில் அதைச் செய்யாமல் வி.பி.எஸ். முடியுமா? அன்று ராத்திரியே சபையின் பெயரையும் போட்டு ஃபேஸ்புக்கில் ஏற்றினேன். லைக் விழ விழ மனம் குளிர்ந்தது.

பத்தரை மணிக்கு முகாம் பொறுப்பாளர் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "அந்தப் படத்தை உடனே நீக்குங்கள், காரணம் நாளைக்குச் சொல்கிறேன்." நீக்கினேன். அதற்குள் இரண்டு பேர் பகிர்ந்திருந்தார்கள்.

படத்தில் இரண்டாவது வரிசையில் நின்ற ஒரு சிறுமியும் அவள் அம்மாவும், அடிக்கிற தகப்பனிடமிருந்து தப்பி ஊர் மாறி வந்தவர்களாம். அவர்களை நெருங்கக் கூடாது என்று அவனுக்கு நீதிமன்றத் தடை இருந்தது. எங்கே இருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாமல் இருந்தது. நான் பிள்ளையின் முகத்தையும் இடத்தின் பெயரையும் ஒரே படத்தில் வைத்துக் கொடுத்துவிட்டேன். அவன் பார்த்தானா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த அம்மாவும் மகளும் அதற்குப் பிறகு வரவில்லை. என்னைப் பிள்ளைகள் வேலையிலிருந்து ஒரு வருடம் நிறுத்திவைத்தார்கள்.

அந்தச் சிறுமியின் பெயர் அட்டையில் ஒரு மஞ்சள் வட்டம் ஒட்டியிருந்தது. படம் எடுக்கக் கூடாத பிள்ளை என்று அர்த்தம். நான் அதை விளையாட்டு அணியின் நிறம் என்று நினைத்திருந்தேன். பயிற்சியில் சொன்னார்களாம், தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்தான். ஆனாலும் ஒரு குறை எனக்கு இன்னும் உண்டு: புதிதாக வந்தவனிடம் அந்த வட்டத்தைக் காட்டி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். அந்தச் சபையில் மஞ்சள் வட்டம், உங்கள் சபையில் வேறு அடையாளம் இருக்கும், அல்லது பொறுப்பாளரிடம் ஒரு பட்டியல் இருக்கும். பெற்றோர் எழுதிக் கொடுத்த சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் எடுக்காதீர்கள். சம்மதம் இருந்தாலும் சபையே எடுக்கட்டும், உங்கள் போனில் வேண்டாம்.

உணவு வங்கியிலும் இதே கதைதான். பை வாங்க வருகிறவர்களில் பலர் கூச்சத்தோடு வருகிறார்கள். நமக்கோ ஒரு மூட்டை அரிசி கொடுத்தாலும் நான்கு பேர் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்று பழக்கம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்ற பிரசங்கத்தையே வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறவர்கள் நாம். அப்புறம், பைக்குள் சுவிசேஷக் கைப்பிரதியைச் செருகாதீர்கள். ஜெபிக்கட்டுமா என்று கேட்காமல் யார் தலையிலும் கை வைக்காதீர்கள். மழையே பெய்தாலும் ஒரு பிள்ளையைத் தனியாகக் காரில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விடாதீர்கள்.

இப்போது தாய்மார் கூட்டத்தில் கோப்பை கழுவுகிறேன். கழுவும் இடத்தில் நின்றால் ஆட்கள் தாங்களாகவே பேச வருகிறார்கள். எந்த வீட்டில் தூக்கம் இல்லை, யாருக்கு வேலை போனது என்று முன்பைவிட இப்போதுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

அம்மாவுக்குத்தான் மனக்குறை. "ஊழியம் செய்கிறேன் என்கிறாய், ஒரு போட்டோகூட அனுப்பமாட்டேன் என்கிறாயே." போன வாரம் கழுவிக் கவிழ்த்துவைத்த நாற்பது கோப்பைகளைப் படம் எடுத்து அனுப்பினேன். இத்தனையையும் நீ ஒருத்தனாகவா கழுவினாய் என்று கேட்டார்.