சாம்பார் சூடானால் சீரியல் நின்றுவிடும்

மாமியார் சீரியல் பார்க்கும் நேரத்தில்தான் நான் மத்தியான சாம்பாரை மைக்ரோவேவில் வைப்பேன். உடனே டிவியில் வட்டம் சுற்றும். வில்லி வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பாள். இணைய இணைப்பு கொடுத்தவர்களிடம் கேட்டால், "ரௌட்டரை அணைச்சுப் போடுங்க மேடம்" என்பதைத் தாண்டி எதுவும் வராது.

சந்தேகம் வந்து, மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து (காலியாக ஓட்டக்கூடாது) போனில் நெட் வேகத்தைப் பார்த்தேன். ஓடும்வரை வேகம் படுத்துவிட்டது, அணைத்ததும் எழுந்துவிட்டது. மைக்ரோவேவ் இயங்குவது 2.45 கிகாஹெர்ட்ஸில். வைஃபையின் பழைய அலைவரிசையும் அதே 2.4 பக்கம்தான். அடுப்பிலிருந்து கசிவது உடம்புக்குக் கெடுதல் இல்லாத அளவுதான். ஆனால் வைஃபை சிக்னல் அதைவிட மெலிந்தது. எங்கள் ரௌட்டரோ சமையலறைச் சுவரை ஒட்டியே இருந்தது, வயர் இழுத்தவரின் வசதிக்கு!

ரௌட்டருக்கு அடியில் ஒட்டியிருந்த முகவரியை பிரவுசரில் போட்டு செட்டிங்ஸுக்குள் போனேன். எங்கள் வைஃபையில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை; இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தது. மைக்ரோவேவ் தொந்தரவு செய்யாத 5-க்குத் தனிப் பெயர் கொடுத்து டிவியை அதில் இணைத்தேன். அவ்வளவுதான். 5 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும் என்பதால் ரௌட்டரை ஹாலுக்கு மாற்றினோம். உள்ளறை போன்கள் 2.4-இலேயே இருக்கின்றன.

உங்கள் டிவியில் 5 இல்லையென்றால் ரௌட்டரிலிருந்து நேராக லேன் கேபிள் (இணைய வயர்) போட்டுவிடுங்கள். ப்ளூடூத் ஹெட்செட்டுக்கு மட்டும் இந்த வழி கிடையாது. அதுவும் 2.4-தான். அடுப்பு ஓடும்போது கொஞ்சம் தள்ளி நின்று பாட்டுக் கேட்கிறேன்.